அடுப்புக்கு மூணு விரல் உப்பு

கேரியரைக் கையில் வாங்கினதுமே அன்னக்கிளிக்குத் தெரிந்துபோனது. சாப்பிட்டு முடித்த கேரியர் காற்று மாதிரி வரும். ஆட்டினால் அடுக்குகள் ஒன்றோடொன்று இடித்துக் கலகலக்கும். இது கலகலக்கவில்லை. வீங்கியிருந்த அவள் மணிக்கட்டைக் கீழே இழுத்துக்கொண்டு போனது.

"இன்னா வேம்பு, ஒண்ணும் பேசாம நிக்கிற?"

வேம்பு சைக்கிளில் தொங்கிய மற்ற கேரியர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வாசற்படியில் வைத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒண்ணுமில்லக்கா. வெயிலு."

கார்த்திகை மாதம். புதுச்சேரியில் அவர்கள் இருந்த சாரம் பகுதி முழுக்க மேகம் மூடிக் கிடந்தது. எதிர்வீட்டுக் கொடியில் போட்ட துணி இரண்டு நாளாகக் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆமா, வெயிலு மண்டையப் பொளக்குது. சொல்லுடா."

"நேரு வீதிக் கடையில நாளையிலேர்ந்து வேணாம்னு சொல்லிட்டாங்க. கொஞ்ச நாளைக்குத்தானாம். ஒங்களுக்கு ஒடம்பு சரியானதும் பாத்துக்கலாமாம்."

அவன் போனதும் ஒரு கேரியரைத் திறந்தாள். சோறு பாதி இருந்தது. பொரியல் இல்லை. குழம்பு மட்டும் அப்படியே, மேலே எண்ணெய் உறைந்து, ஒரு கரண்டிகூட எடுக்காமல் இருந்தது. சுண்டுவிரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. கடலில் மோந்த மாதிரி உப்பு.

அன்னக்கிளியின் கணவன் இராமதாஸ், துணி மில்லில் தறி ஓட்டியவன். மில் மூடினபோது அவன் வீட்டுக்குள்ளேயே சுருண்டு கிடந்தான். அவள்தான் பரணிலிருந்து பெரிய பாத்திரங்களை இறக்கினாள். மதியச் சாப்பாடு சமைத்து, கடைகளிலும் ஆபீசுகளிலும் வேலை செய்கிறவர்களுக்குக் கேரியரில் அனுப்பத் தொடங்கினாள். பிறகு இராமதாசுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் வேலை கிடைத்தது. ஆனாலும் அந்த வீட்டை நிமிர்த்தி நிறுத்தியது அடுப்புதான் என்று தெருவுக்கே தெரியும். "அன்னக்கிளி கை" என்று ஒரு பேச்சு சாரத்தில் இருந்தது. கத்திரிக்காயும் முருங்கைக்காயும் போட்டு, வடகம் தாளித்து அவள் வைக்கும் சாம்பாருக்கு, வாசல் தாண்டும்போதே ஆட்கள் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டுப் போவார்கள்.

கை என்றால் நிஜமாகவே கைதான். அவள் சமையலில் கரண்டி அளவு, டம்ளர் அளவு எதுவும் கிடையாது. உப்பு ஒரு பிடி, மிளகாய்த்தூள் உள்ளங்கைக் குழி, புளி விரல் மடக்கின உருண்டை. கொதிக்கும்போது ருசி பார்ப்பதும் கிடையாது. அடுத்தவர் சாப்பிடப் போவதை எச்சில் பண்ணக் கூடாது என்பது அவளுடைய பிடிவாதம். வாசனை மூக்குக்கு வரும், அளவு கையில் இருக்கும், அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஊரையே கிடத்தின சிக்குன்குனியா அவளையும் கிடத்தியது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. மூட்டுகள் விடவில்லை. நிலவேம்புக் கஷாயம், எண்ணெய், ஒத்தடம், ஊசி எல்லாம் ஆயிற்று. இடுப்பும் முழங்காலும் சொன்னபடி கேட்கத் தொடங்கின. வலது கை மட்டும் மடங்க மறுத்தது. விரல்கள் வெந்த கிழங்கு மாதிரி உப்பி, பாதி திறந்தே நின்றன. அந்தக் கையில் பிடித்தால் பிடி குறைகிறது என்று நினைத்து அவள் இன்னொரு பிடி போடுவாள். அது அதிகமாகிவிடும். ருசி பார்த்துப் போடுங்கள் என்று வீட்டில் சொன்னதால் பிடிவாதத்தை விட்டு அதையும் செய்தாள். பார்த்து, போட்டு, மறுபடி பார்த்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி போட்டு, கடைசியில் நாக்கு மரத்துப்போய் இறக்கி வைப்பாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்பான் இராமதாஸ்.

அந்தத் 'தான்' அவளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

* * *

வீட்டில் இன்னொரு பெண் உண்டு. இராமதாசின் தம்பி இளஞ்செழியனின் மனைவி சிவசங்கரி. காலாப்பட்டில் பல்கலைக்கழக ஆபீசில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். காலையில் பஸ் பிடித்துப் போனால் சாயங்காலம்தான் வருவாள். சமையல் மட்டும் வராது. வெந்நீர் வைத்தாலும் அடிப்பிடிக்கும் என்று இளஞ்செழியன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். ஓரகத்திகள் இருவருக்கும் சண்டை இல்லை. ஆனால் அடுப்பங்கரை வாசலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருந்தது. அதற்கு அந்தப்பக்கம் அன்னக்கிளி, இந்தப்பக்கம் சங்கரி.

கூடத்தில் இளஞ்செழியன் வாங்கிப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று. மூடப்போன ஒரு பிரவுசிங் சென்டரில் பழையதாக வாங்கியது. பழைய வாயில் புடவையைப் போர்த்திக்கொண்டு அது உட்கார்ந்திருக்கும். ஆயுதபூஜைக்கு அதன் நெற்றியில் அன்னக்கிளிதான் பொட்டு வைத்தாள். அது இன்னும் அழியவில்லை. மற்றபடி அதற்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

காய்ச்சலுக்கு முந்தின சித்திரையில்தான் அந்த வம்பு தொடங்கியது. இராமதாசின் தங்கை ஹேமலதா பிரான்சில் இருக்கிறாள். சொல்தா வீட்டுக்கு மருமகளாகப் போனவள். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்ததால் குடும்பமே அந்த நாட்டுக் குடிமக்கள். தாயில்லாத ஹேமாவைச் சடை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பி, கல்யாணம் பண்ணி வைத்தது அன்னக்கிளி. ஹேமா போனில் அழுதாளாம், "அண்ணி சாம்பார் மாதிரி வரவே மாட்டேங்குது" என்று. உடனே சங்கரி, ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் இருந்த சமையல் குறிப்பு சாப்ட்வேரைப் போட்டுக்கொண்டு, பெரிய மார்க்கெட்டில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசும் வாங்கிவந்து, கோட்டைத் தாண்டி அடுப்பங்கரைக்குள் நுழைந்துவிட்டாள்.

"அக்கா, போடாதீங்க! இதுல போடுங்க."

"இன்னாடி இது, கொழம்பு கொதிக்குது, நீ கிண்ணத்த நீட்டுற?"

"ஒரு பிடின்னா எவ்ளோன்னு தெரியணும்க்கா. ஹேமா கேக்குறா."

"என் பிடி எவ்ளோவோ அவ்ளோ."

"ஒங்க பிடிய கொரியர்ல அனுப்ப முடியாதேக்கா."

அன்னக்கிளிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. லீவு நாளெல்லாம் இதே கதை. அவள் பிடித்த ஒவ்வொரு பிடியும் முதலில் தராசுக் கிண்ணத்தில் விழுந்து, எண்ணாகி, பிறகுதான் பாத்திரத்துக்குப் போனது. அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சமையலானாலும் அடுப்பில் பாத்திரம் ஏற்றுமுன் மூணு விரலால் கல்லுப்பு எடுத்துத் தீயில் போடுவாள். கண்ணு படாமல் இருக்க. சங்கரி அதற்கும் கிண்ணத்தை நீட்டினாள்.

"ஏ, அது அடுப்புக்குடி!"

"இருக்கட்டும்க்கா. நீங்க செய்றது எதயும் உட மாட்டேன்."

ஒருநாள் அன்னக்கிளிக்குப் பொறுக்கவில்லை. "எல்லாத்தயும் எடுத்துப் பொட்டியில போட்டு வச்சிக்க. அப்புறம் நான் எதுக்கு? ஓரமா ஒக்காந்து ஒம் பொட்டிக்கு விசிறி வீசுறேன்," என்றாள். சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சங்கரியும் சிரித்தாள். ஆனால் அன்று சாயங்காலம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

குறிப்புகள் பிரான்சுக்குப் போயின. ஹேமா திறந்து பார்த்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்ததாம். பிறகு எழுத்தைத் தனியாக அனுப்ப வேண்டியிருந்தது என்றாள் சங்கரி. எழுத்தைத் தனியா எப்படி அனுப்புவார்கள் என்று கேட்க அன்னக்கிளிக்கு ஆசை. கேட்கவில்லை. "ஹேமா செஞ்சு பாத்தாளாம்க்கா," என்று இன்னொரு நாள் சொன்னபோதும், எப்படி இருந்ததாம் என்று கேட்கவில்லை. போனில் ஹேமா அதைப் பற்றி எடுத்தாலும் குழந்தை ஆனந்திக்கு ஊசி போட்டாச்சா என்று பேச்சைத் திருப்பிவிடுவாள். நன்றாக வந்தது என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயம்தான்.

* * *

கேரியர் கனத்த அதே வாரத்தில் வடிவேல் தாம்பாளத்தோடு வந்தான். இராமதாசுக்குப் பக்கத்துத் தறியில் நின்றவன், இப்போது அரியாங்குப்பத்தில் வீடு. மகள் அறிவுமதிக்குக் கல்யாணம். வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வைத்து அண்ணன் அண்ணி காலில் விழுந்து எழுந்தான்.

"அண்ணி, அவ பொறந்தப்ப ஆஸ்பத்திரியில நீங்க ஒரு வார்த்த சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்கிறது. பிரசவ வார்டில், கேரியரில் பூண்டுக் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, துணியில் சுற்றின அந்தச் சின்ன முகத்தைப் பார்த்து, 'இவ கல்யாணத்துக்கு நான்தான் சமைப்பேன்' என்று சொன்னாள். வடிவேல் அதை இத்தனை வருஷம் மடித்து வைத்திருந்திருக்கிறான்.

அன்னக்கிளி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "எனக்கு முடியாது தம்பி."

"ஐய, நீங்க ஒண்ணும் தூக்க வேணாம் அண்ணி. கலியபெருமாள் மாஸ்டர் ஆளோட வர்றாரு. முந்நூறு பேரு எலைக்கு. நீங்க சும்மா நின்னு பாத்தா போதும்."

"நின்னு பாக்கறதுக்கு நான் இன்னா மண்டப வாசல்ல வச்சிருக்கிற பொம்மயா, கை கூப்பிக்கிட்டு நிக்க?"

"அண்ணி..."

"முந்நூறு பேரு எலையில உப்புக் கரிச்சா, பொண்ணு மூஞ்சியில முழிக்க முடியுமாடா? போ. மாஸ்டர் நல்லாத்தான் செய்வாரு."

வடிவேல் தாம்பாளத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. "நான் மாஸ்டர்கிட்ட சொல்லி வச்சிட்டேன். நீங்க வர்றீங்க," என்று செருப்பை மாட்டினான். "வராம இருந்தீங்கன்னா அறிவுமதிய அனுப்புறேன். அவ வந்து அழுவா. அவ அழுதா எப்படின்னு ஒங்களுக்குத் தெரியும்."

அவன் போனதும் இராமதாஸ் வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினான். "போலாமே கிளி."

"போயி? ஒங்க 'நல்லாத்தான் இருக்கு'ங்கறத முந்நூறு பேரு வாயில கேக்கவா?"

அவன் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. அவள் அழுதுகொண்டிருந்தாள். மில் மூடினபோதுகூட அழாதவள். "என் கை போயிடுச்சிங்க," என்றாள். "தொங்கிக்கிட்டுதான் இருக்கு. ஆனா போயிடுச்சி."

சங்கரி கூடத்து வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. தலைக்குக் குளித்து, ஈரத் துண்டைக் கொண்டை போட்டிருந்தாள். அவள் மெதுவாகச் சொன்னாள்:

"போவலக்கா. இங்கதான் இருக்கு. வந்து பாருங்க."

* * *

வாயில் புடவையை எடுத்து மடித்து வைத்துவிட்டுச் சங்கரி நாற்காலியை இழுத்துப் போட்டாள். பெட்டி உறுமிக்கொண்டு எழுந்தது. திரையில் வெளிச்சம் பரவியது. அன்னக்கிளி நாற்காலி நுனியில், கோயிலில் உட்காருவது போல உட்கார்ந்தாள்.

பொத்தான்கள் எல்லாம் இங்கிலீஷ். நடுவில் மட்டும் தமிழ். முதல் வரியைப் பார்த்ததும் அவளுக்குத் திடுக்கென்றது. 'அன்னக்கிளி அக்கா சாம்பார்.'

"எம் பேரு எதுக்குடி?"

"வேற யாரு பேர எழுதுறது? படிங்க."

அவள் எட்டாவது வரை படித்தவள். விரல் வைத்துப் படித்தாள். வைத்த விரல் மடங்காமல் திரைமேல் நின்றது. துவரம்பருப்பு இவ்வளவு. புளி, அக்கா உருண்டை, இத்தனை கிராம். மிளகாய்த்தூள், அக்கா உள்ளங்கை, இத்தனை கிராம். கல்லுப்பு, அக்கா பிடி, இத்தனை கிராம். வடகம் தாளிக்கும்போது எண்ணெயில் கருகக் கூடாது, அக்கா மூக்கைத் தூக்கினதும் இறக்கிவிட வேண்டும்.

"மூக்கத் தூக்கறேனா நானு?"

"எப்பவும். ஒங்களுக்கே தெரியாது."

அன்னக்கிளி தன் கையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். சித்திரை மாதத்து வெயிலில், வளையல் குலுங்க, நினைத்தபடி மூடித் திறந்த கை அது. அந்தக் கைக்குள் எவ்வளவு கொள்ளும் என்று அவளுக்கே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. அது இங்கே இருக்கிறது. காய்ச்சல் தொடாத இடத்தில், ஒரு கொசு நுழைய முடியாத இடத்தில், பிடி பிடியாக அடுக்கி வைத்திருக்கிறது.

"இது ஆறு பேருக்குக்கா," என்றாள் சங்கரி. "இப்ப பாருங்க."

ஆறு என்ற எண்ணை அழித்து முந்நூறு என்று அடித்தாள். ஒரு பொத்தானைத் தட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் எல்லா எண்களும் மாறிவிட்டன. புளி மாறியது, பருப்பு மாறியது, பிடி உப்பு கிலோக்கணக்கில் நின்றது. ஒரே ஒரு கை, மண்டபம் நிறைய ஆளுக்குப் பரிமாறும் கையாக விரிந்ததை அன்னக்கிளி கண்ணால் பார்த்தாள்.

"அம்மாடி," என்றாள். பிறகு, "மறுபடி ஆறாக்கு," என்றாள். ஆறானது. "முந்நூறாக்கு." ஆனது. குழந்தை விளக்கைப் போட்டு அணைத்துப் பார்ப்பது போல அவள் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னாள். சங்கரி சலிக்காமல் செய்தாள். வாசலில் இராமதாஸ் வந்து நின்று, வெற்றிலைச் சாற்றை விழுங்கவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மதியமே ஆறு பேருக்கு வைத்துப் பார்த்தார்கள். தராசு அடுப்பு மேடையில் உட்கார்ந்தது. இளஞ்செழியன் காய் நறுக்கினான், சங்கரி அளந்தாள், இராமதாஸ் பருப்புக் கடைந்தான். அன்னக்கிளி முக்காலியில் உட்கார்ந்து, 'இப்ப புளி', 'இப்ப காயெல்லாம் போடு', 'தீயக் கொறை' என்று சொன்னாள். வடகம் பொரியும்போது சங்கரி திரும்பி அவள் மூக்கையே பார்த்தாள். மூக்கு தூக்கியது. இறக்கினார்கள்.

அன்னக்கிளி ருசி பார்க்கவில்லை. முதல் கரண்டியை இராமதாஸ் தட்டில் ஊற்றச் சொன்னாள். அவன் பிசைந்து ஒரு வாய் வைத்தான். அடுத்த வாய் வைத்தான். தட்டு பாதியானதும்தான் தலையைத் தூக்கினான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றான்.

அதற்குப் பிறகுதான் அவள் இடது கையால் ஸ்பூன் பிடித்து ஒரு வாய் சாப்பிட்டாள். சாப்பிட்டு, சங்கரியின் ஈரக் கொண்டையில் தன் வீங்கின கையை வைத்தாள். கோடு இருந்த இடத்தில் இப்போது இரண்டு பேருமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் வேம்புவின் கேரியர்கள் கலகலத்துக்கொண்டு வந்தன. தெரு முனையிலேயே கேட்டது. வாரம் முடிவதற்குள் நேரு வீதிக் கடையிலும் மறுபடி அனுப்பச் சொன்னார்கள்.

* * *

அரியாங்குப்பம் மண்டபத்தின் பின்பக்கம், தகரக் கொட்டகையில், விடியும்போதே விறகு போட்ட கோட்டையடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. ஆற்றுப் பக்கத்திலிருந்து சேற்று வாசனையோடு காற்று வந்தது. சங்கரி ஆபீசில் அச்செடுத்த தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

கலியபெருமாள் மாஸ்டர் பெரிய உடம்புக்காரர். தலையில் துண்டு, வாயில் புகையிலை. தாளை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எத்தன கல்யாணம் பாத்திருக்கேன். கம்ப்யூட்டர் சொல்லி நான் உப்பு போடறது இதான் மொத தடவ."

"கம்ப்யூட்டர் இல்ல மாஸ்டர், எங்க அக்கா," என்றாள் சங்கரி.

"அக்கா இங்க ஒக்காந்திருக்காங்க. அப்ப தாள்ல இருக்கறது யாரு?"

"அதுவும் அக்காதான்."

மாஸ்டர் தாளையும் அன்னக்கிளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேர வச்சிக்கிட்டு நான் எப்படிம்மா வேல செய்யறது?" என்றார். ஆட்கள் சிரித்தார்கள்.

அன்னக்கிளிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு பேருக்குச் சரி. முந்நூறுக்கு? "மாஸ்டர்," என்றாள். "கோவிச்சிக்காதீங்க. தாள்ல இன்னா போட்டிருக்கோ அத அப்படியே போடுங்க. ஒங்க கைக்குத் தோணுச்சின்னு ஒண்ணையும் கூட்டாதீங்க, கொறைக்காதீங்க. ஒரு கல்லு உப்புகூட."

"உத்தரவு," என்றார் மாஸ்டர், கொஞ்சம் முறுக்காக. வேலையில் சுத்தமான மனுஷன். மொத்தச் சாமான்கள் போட்ட தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் நிறுத்து வாழை இலையில் குவிக்கச் செய்தார். பருப்பு, புளி, தூள், காயம். ஒரு குவியலில் மட்டும் அவர் நின்றார். தாளை இன்னும் தூரத்தில் பிடித்தார். அன்னக்கிளியைப் பார்த்தார். கேட்கலாமா என்று யோசித்தார். ஒரு கல்லுகூடக் குறைக்காதே என்ற சொல் காதில் இருந்தது. பேசாமல் எடை போட்டுக் குவித்தார்.

சாம்பார் அண்டாவை இரண்டு ஆட்கள் காது பிடித்துத் தூக்கி வந்தார்கள். "இருங்கடா," என்றார் மாஸ்டர். "ஏத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு." முறம் நிறையக் கல்லுப்பை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். அன்னக்கிளி தலையைத் திருப்பிப் பார்ப்பதற்குள், அவ்வளவையும் அப்படியே அடுப்புக்குள் கொட்டினார்.

ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு அடுப்பு வெடித்தது.

படபடபடவென்று சரவெடி மாதிரி உப்பு பொரிந்தது. சிவப்பாக எரிந்துகொண்டிருந்த தீ பொன் மஞ்சளாகி ஆள் உயரத்துக்கு எழும்பியது. தகரக் கொட்டகை முழுவதும், அண்டாக்களும் முகங்களும் மழைநீர் தேங்கின தரையும், மஞ்சளில் குளித்தன. அண்டா பிடித்த ஆட்கள் அதைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மண்டபத்தில் மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்தினார்கள். அரைகுறை அலங்காரத்தில் அறிவுமதி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். வடிவேல் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"இன்னா மாஸ்டர், இன்னா ஆச்சி?"

"நான் ஒண்ணும் பண்ணல! தாள்ல இருக்கு! 'அடுப்புக்கு உப்பு', ஒன்றரைக் கிலோ!"

சங்கரி தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். ஒவ்வொரு சமையலுக்கும் அடுப்புக்கென்று அக்கா போடும் மூணு விரல் உப்பையும் அவள் ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். பெட்டி அதையும் ஒன்று விடாமல் முந்நூறு பேருக்குப் பெருக்கி, சாம்பார், பொரியல் என்று கல்யாணச் சமையலின் ஆறு வகைக்கும் கூட்டி, ஒரே வரியாகக் கொடுத்துவிட்டது.

அன்னக்கிளிக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. காய்ச்சல் வந்த நாளிலிருந்து அடைபட்டுக் கிடந்த சிரிப்பு, கண்ணில் தண்ணீரோடு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் வந்தது. "முந்நூறு பேரு கண்ணும் போச்சிடி!" என்றாள். "இனிமே இந்த ஊர்லயே யாருக்கும் கண்ணு படாது!" மாஸ்டரும் புகையிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். தீ மஞ்சளாகவே நின்று எரிந்தது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவு பெரிய, அவ்வளவு அழகான தவறை அவர்கள் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

பந்தியில் சாம்பார் வாளிதான் முதலில் காலியானது. மில்லில் வேலை செய்த பழைய ஆட்கள் மூன்றாவது தடவை சோறு வாங்கினார்கள். மாஸ்டர் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, சாப்பிட்டு முடித்து, இலையை மடித்துவிட்டு, உறையில் இருந்த தாளைக் கேட்டு வாங்கி மறுபடி ஒருமுறை பார்த்தார். "ரெண்டு பேருமே நல்லா சமைக்கிறாங்க," என்றார்.

* * *

மறுநாள் சாயங்காலம் ஹேமா போன் பண்ணினாள். கல்யாணக் கதையைச் சங்கரி சொல்லி முடித்ததும், அன்னக்கிளி போனை வாங்கினாள். இந்தத் தடவை குழந்தைக்கு ஊசி போட்டாயா என்று கேட்கவில்லை.

"ஏ ஹேமா, நீ செஞ்சியே, அது எப்படி வந்துது?"

"இப்பதான் கேக்குறீங்களா அண்ணி? மொத நாளு செஞ்சிட்டு அடுப்பங்கரையிலயே ஒக்காந்து அழுதேன். நீங்க பின்னாடி நிக்கிற மாதிரி இருந்துது. திரும்பிப் பாத்தேன்."

அன்னக்கிளி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஒரு வெசயம் அண்ணி. எங்க வூட்டுல கரண்ட் அடுப்பு. தீயே கெடையாது. அடுப்புக்கு உப்புன்னு நீங்க எழுதியிருக்கீங்க, எங்க போடறது?"

"அத உட்டுட வேண்டியதுதானே."

"உடுவேனா? ஒரு மெழுகுவத்தி ஏத்தி வச்சிக்குவேன். ஆனந்திதான் போடுவா, என்ன உட மாட்டா. மெழுகுவத்தி மஞ்சளா பொரியும், கை தட்டுவா. அவளுக்கு மூணு விரலு இத்தனூண்டு. தராசுல ஒங்க அளவு வரணுமே. அதனால எடுத்து எடுத்துப் போடுவா. போட்டுட்டு என்னப் பாப்பா. 'அத்த கை வந்திடுச்சாம்மா?'ன்னு கேப்பா. 'இன்னும் கொஞ்சம்'னு சொல்லுவேன். மறுபடி எடுப்பா."

அந்தக் குழந்தையை அவள் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். கடல் கடந்து, பனி பெய்கிற ஊரில், பார்த்தே இராத ஒரு பிஞ்சுக் கை, உப்பு உப்பாக எடுத்துப் போட்டு, தன்னுடைய கையைக் கட்டிக்கொண்டிருக்கிறது.

காலையில் கேரியர் சமையல். சங்கரி ஆபீசுக்குக் கிளம்புமுன் தராசைத் துடைத்து வைத்தாள்.

"அக்கா, அந்த அடுப்பு உப்ப எடுத்துடட்டுமா? எத்தன பேருக்கு மாத்தினாலும் அதுவும் பெருகும். அத மட்டும் பெருக்காதேன்னு சொல்ல இதுல வழி இல்ல."

"பெருகினா பெருகட்டும்டி. இருக்கட்டும்," என்றாள் அன்னக்கிளி. "கிண்ணத்த இப்படி வை."

உப்புச் சாடிக்குள் வலது கையை விட்டாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வலியோடு நெருங்கி வந்து, மூன்றாவது விரல் பின்னாலேயே வந்து, எப்படியோ தொட்டுக்கொண்டன. சில கற்கள் வழியிலேயே உதிர்ந்தன. மிச்சம் கிண்ணத்தில் விழுந்தது.

"வந்துதா?"

சங்கரி தராசைக் குனிந்து பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவள் நகரவில்லை.

"இன்னும் கொஞ்சம்க்கா."

அன்னக்கிளி மறுபடி எடுத்தாள். மறுபடி. தன் கை வந்து சேர்ந்ததும், கிண்ணத்தைத் தூக்கித் தீயில் கவிழ்த்தாள். காஸ் அடுப்பின் நீலம் சடசடத்து, மஞ்சளாகி நின்றது.